எங்கள் வீடு ஐம்பத்தெட்டு மீட்டர் ஏறியது

செப்டம்பர் 4

பாப்பாவுக்கு,

முதலில் இந்தக் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். கோடு போட்ட தாள்தான் வாங்கினேன். ஆனாலும் எழுத்துகள் கோட்டில் உட்கார மாட்டேன் என்கின்றன. சில எழுத்துக்கு வால் நீண்டுவிட்டது, சிலது பக்கத்து எழுத்தின் மேல் சாய்ந்துகொண்டு நிற்கிறது. இந்தப் பக்கத்தை எழுத எனக்கு இரண்டு மாலை ஆயிற்று. ஆனால் இதை எதிர்வீட்டுக்காரர் எழுதவில்லை. நான் சொல்லச் சொல்ல யாரும் எழுதவில்லை. நானே எழுதுகிறேன். உன் அப்பா.

நீ உட்கார்ந்திருக்கிறாயா? உட்கார்ந்துகொள்.

நூலகத்துக்கு மேலே ஒரு அறையில் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. மூன்று மாதமாகப் போகிறேன். டீச்சருக்கு உன்னைவிட வயது குறைவு. என் பக்கத்தில் சலவைக் கடைக்காரர் உட்காருகிறார். அவருக்கு எழுத்து வந்ததும் முதல் வேலையாகக் கடை வாசலில் "இன்று போய் நாளை வரவும்" என்று எழுதி மாட்டினார். இத்தனை வருஷமாக அதை வாயால் சொல்லிச் சொல்லித் தொண்டை போயிற்றாம்.

எனக்கு எண்கள் முன்பே தெரியும். முப்பத்தெட்டு வருஷம் லிஃப்ட் ஓட்டியவனுக்கு ஒன்று முதல் பன்னிரண்டு வரை யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்த லிஃப்டில் நான் ஏறி இறங்கிய தூரத்தை நீட்டிப் போட்டால் ஊர் தாண்டி நாடு தாண்டிப் போகும். ஆனால் ஒரே தெருவில்தான் இருந்திருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய கைக்கடிகாரம் வந்தது. அது உன் வீட்டுக்காரருடைய பழைய கடிகாரம் என்று எனக்குத் தெரியும். அந்த மலைக்காரர் கொடுத்ததைக் கட்ட மாட்டேன் என்று நினைத்தேன். பிறகு, நீ அனுப்பியதாக வைத்துக்கொண்டு கட்டிக்கொண்டேன்.

மணி சரியாகக் காட்டுகிறது. உயரம் காட்டுகிற எண்தான் சரியில்லை. படுக்கும்போது 214 மீட்டர். எழுந்தால் 225. இரவோடு இரவாக வீடு பதினொரு மீட்டர் ஏறியிருக்கிறது. கட்டிலை விட்டு இறங்கும்போது காலை மெதுவாகத்தான் வைத்தேன்.

பழுது என்று நினைத்து நம் கட்டடத்துக்குக் கொண்டுபோனேன். காவலாளி இன்னும் என்னை லிஃப்டில் விடுகிறார். மாடிக்கு மூன்று மீட்டர் வீதம் பிசகாமல் ஏறி, பிசகாமல் இறங்கியது. லிஃப்டில் ஒழுங்காக இருக்கிற கடிகாரம் வீட்டில் மட்டும் ஏன் பொய் சொல்கிறது? கேட்டு எழுது.

கை வலிக்கிறது. சந்தோஷமான வலி.

அப்பா

-

செப்டம்பர் 14
மலைக்குடில்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் நேற்றுச் சுமைக்காரர்களின் பையில் வந்தது. ஒன்பது நாள். உறையைப் பார்த்ததும், யாரோ சின்னப் பிள்ளை வழி தெரியாமல் நமக்கு எழுதியிருக்கிறது என்று நினைத்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். இரண்டாவது வரியில் அழுதுவிட்டேன். குடில்காரர் பயந்துபோய், "ஊர்ல யாருக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். எங்க அப்பா எழுதியிருக்கார் என்றேன். அதற்கு ஏன் அழுகிறாள் என்று அவருக்குப் புரியவில்லை.

நீங்கள் மலைக்காரர் என்று எழுதியவர் பக்கத்தில் உட்கார்ந்து காலுறை காயவைத்துக்கொண்டிருந்தார். படித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். எனக்கு எழுதியதில்லையே என்றார். நான் தண்ணீர் எடுக்கப் போய்த் திரும்பினால் கடிதம் வேறு மடிப்பில் இருந்தது.

கடிகாரம் பழுதில்லை, அப்பா. அதற்கு உயரம் என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்தது காற்றின் கனம் மட்டும்தான். மேலே போகப் போகக் காற்று இளைக்கும். காற்று இளைத்தால் நாம் ஏறிவிட்டோம் என்று அது எண்ணிக்கொள்ளும். ஆனால் மழையோ புயலோ வருவதற்கு முன் காற்று இருந்த இடத்திலேயே இளைக்கும். அந்த வித்தியாசம் கடிகாரத்துக்குத் தெரியாது. அசையாத வீடு ஏறினால் வானிலை கெடப்போகிறது. வீடு இறங்கினால் வெயில்.

எங்களுக்கு இங்கே அதுதான் கண். பாதைகளை அளந்து வரைபடம் போடுகிற வேலையில் பாதி நாள் மேகத்துக்குள்தான் நடக்கிறோம். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அப்போது, முகட்டோடு இறங்கி இத்தனை மீட்டர் வந்ததும் வலப்பக்கம் திரும்பு, உயரம் மாறாமல் சரிவின் குறுக்கே நட, குடில் வரும் என்று கணக்கு வைத்துக்கொள்வோம். அதனால் உயரம் தெரிந்த ஒவ்வொரு இடத்திலும் கடிகாரத்தைத் திருத்துவோம். வழியில் கூடாரம் போட்டால் படுக்கும்முன் ஒருமுறை எண்ணைப் பார்ப்போம், எழுந்ததும் ஒருமுறை. நடுவில் ஏறியது நாங்கள் அல்ல, வானிலை. அதைக் கழித்துவிட்டுத்தான் கிளம்புவோம். பல் தேய்ப்பது மாதிரி ஆகிவிட்டது.

அடுத்த மாதம் முழுக்க மேல் முகட்டில் வேலை. மாத்திரைகளை நேரத்துக்குச் சாப்பிடுங்கள். நூலகத்து மாடிப்படியில் நின்று நின்று ஏறுங்கள்.

உங்கள் மகள்

-

செப்டம்பர் 22

பாப்பா,

உன் கடிதத்தை யாரிடமும் கொடுக்காமல் நானே படித்தேன். காலையில் ஆரம்பித்து, சாப்பாட்டுக்கு நிறுத்தி, மூன்று மணிக்கு முடித்தேன். டீச்சரிடம் சொன்னபோது நாளைக்கு வகுப்புக்குக் கொண்டுவந்து படியுங்கள் என்றார். முடியாது, குடும்ப விஷயம் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். ஒரு விஷயமும் இல்லை. சும்மா சொல்லிப் பார்த்தேன், அப்படிச் சொல்ல நன்றாக இருந்தது.

காற்று இளைக்கும் என்று நீ எழுதியதை நினைத்து இரண்டு நாள் சிரித்தேன். இப்போது நாட்காட்டியின் பின்பக்கத்தில் காலையும் மாலையும் எண் குறித்துவைக்கிறேன். போன வியாழக்கிழமை வீடு பதினெட்டு மீட்டர் ஏறியது. சலவைக் கடைக்காரரிடம் துணியை மாடியில் காயப்போட வேண்டாம் என்றேன். வானம் கண்ணாடி போல இருந்தது. "ஏன் பெரியவரே, சாமி வந்து சொல்லுச்சா?" என்றார். நான்கு மணிக்குக் கொட்டியது. இப்போது தினமும் காலையில் ஜன்னலுக்குக் கீழே நின்று, "இன்னைக்கு வீடு எப்படி?" என்று கத்துகிறார். தெருவில் போகிறவர்கள் எனக்கு உடம்பு சரியில்லையோ என்று திரும்பிப் பார்க்கிறார்கள்.

ஒன்று எழுத வேண்டும். அதற்காகத்தான் இந்தத் தாளை எடுத்தேன். சுற்றிச் சுற்றி வேறு எதையோ எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உன் கல்யாணம் ஆன மறுமாதம் நம் வீட்டுச் சாப்பாட்டில் அவர் ஒன்று கேட்டார். "நாங்க மலையிலேருந்து லெட்டர் போட்டா மாமாவுக்கு யாரு படிச்சுக் காட்டுவாங்க?" உன் அத்தை குடும்பம் மொத்தமும் இருந்தது. யாரோ சிரித்தார்கள். நான் பாதியில் எழுந்து கை கழுவினேன். அதன் பிறகு மூன்று வருஷம் அவரிடம் பேசவில்லை. உன்னிடம், அவர் உன்னை மலைக்கு இழுத்துக்கொண்டு போனதுதான் காரணம் என்றேன். அது பொய். இதுதான் காரணம்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. யாராவது படித்துக்காட்டத்தானே வேண்டும்? வகுப்பில் சேர்ந்ததுகூட அவருக்குக் காட்ட வேண்டும் என்றுதான். கோபத்தில் படித்தேன். படித்து முடித்துப் பார்த்தால் கோபத்தைக் காணோம்.

அடுத்த கடிதத்தின் அடியில் அவரை ஒரு வரி எழுதச் சொல். என்ன வேண்டுமானாலும் எழுதட்டும். மழை பெய்தது என்று எழுதினால்கூடப் போதும். நானே படிப்பேன்.

அப்பா

-

அக்டோபர் 7

பாப்பா,

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து இன்னும் மோசமாக இருக்கும்.

நேற்று மாலை ஆறு மணிக்கு வீடு 211. இன்று காலை ஆறு மணிக்கு 269. இரண்டு முறை கண்ணாடி துடைத்துப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு மீட்டர். நாட்காட்டியில் இப்படி ஒரு எண் இதுவரை இல்லை. வெளியே காற்றே இல்லை. சலவைக் கடைக்காரர் துணியை எல்லாம் உள்ளே எடுத்துவிட்டார்.

இந்தக் கடிதம் உன்னிடம் வர ஒன்பது நாள் ஆகும் என்று எனக்குத் தெரியும். அதனால் தொலைபேசியில் கூப்பிட்டேன். மலையடிவார அலுவலகத்தின் எண் உன் பழைய உறை ஒன்றின் மேல் அச்சடித்திருந்தது. அதையும் நானேதான் படித்தேன். ஒரு கிளார்க் எடுத்தார். நான் மகள் பெயர், மாப்பிள்ளை பெயர் எல்லாம் சொல்லிவிட்டு, வீடு ஏறியிருக்கிறது, அவர்களுக்குச் சொல்லுங்கள் என்றேன்.

"வீடு ஏறியிருக்கா? எவ்வளவு ஏறியிருக்கு?"

"அம்பத்தெட்டு மீட்டர்."

"சரிங்க தாத்தா. இறங்கினதும் கூப்பிடுங்க."

அறையில் வேறு யாரோ சிரித்தது கேட்டது. நான் காற்று, கனம், இளைப்பது என்று என்னென்னவோ சொன்னேன். எழுத வருவது வாயில் வரவில்லை. மறுபடி கூப்பிட்டேன். அவர் பொறுமையாகத்தான் பேசினார். மாலை ஆறு மணிக்குக் குடிலுடன் வயர்லெஸ்ஸில் பேசும்போது சொல்கிறேன் என்றார். நீங்கள் குடிலில் இல்லை, நான்கு நாளாக முகட்டில் இருக்கிறீர்கள் என்றும் சொன்னார். அங்கே வயர்லெஸ் கிடையாதாம்.

நீங்கள் எழுந்ததும் எண் பார்த்திருப்பீர்கள். பல் தேய்ப்பது மாதிரி என்று எழுதியிருந்தாயே. அதை எடுத்து மறுபடி படித்துக்கொண்டேன். நான் பயப்படுவது வீண்தான்.

இருந்தாலும் எழுதி அனுப்புகிறேன்.

அப்பா

-

அக்டோபர் 9
மலைக்குடில்

அப்பா,

தேடப் போகிறவர்களில் ஒருவர் இப்போதே கீழே இறங்குகிறார். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். முதலில் அதைப் படித்துவிடுங்கள். எனக்குக் கை கால் எல்லாம் சரியாக இருக்கிறது.

அவரைக் காணவில்லை.

ஆறாம் தேதி சாயங்காலம் முகட்டின் பாதி வழியில் மேகம் மூடிக்கொண்டது. செயற்கைக்கோள் கருவி முந்தின நாளே நனைந்து செத்துவிட்டது. அங்கேயே கூடாரம் போட்டோம். பெயரோ குறியோ இல்லாத இடம், உயரம் தெரியாது. காலையில் எழுந்தபோதும் மேகம். அவர் கடிகாரம் 2702 என்றது. என் கடிகாரமும் 2702 என்றது. "ரெண்டு சாட்சி ஒரே மாதிரி சொல்லுது, அப்புறம் என்ன?" என்று மூட்டை கட்டினார். குடில் இருப்பது 2310. முகட்டோடு இறங்கி, 2310 வந்ததும் வலப்பக்கம் திரும்பிச் சரிவின் குறுக்கே நடந்தோம். அரை மணி நேரத்தில் வர வேண்டிய குடில் ஒன்றரை மணி நேரம் ஆகியும் வரவில்லை. பாறைப் பிளவு ஒன்று வந்தது. வரைபடத்தில் அந்த உயரத்தில் பிளவே கிடையாது. அதற்குள் காற்றும் மழையும் பிடித்துக்கொண்டன.

நான் அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன், நீ இந்தப் பாறையை விட்டு அசையாதே என்றார். அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் விசில் கேட்டது. பிறகு ஒருமுறை கேட்டது, கீழே இருந்து. அதன் பிறகு கேட்கவில்லை. நான் விடியும்வரை ஊதினேன்.

எட்டாம் தேதி காலையில் மேகம் கிழிந்தது. நிமிர்ந்து பார்த்தேன். குடில் என் தலைக்கு மேலே இருந்தது. நேர் மேலே. புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது.

இரண்டு கடிகாரமும் ஒரே காற்றைத்தான் அளந்தன, அப்பா. ஒன்றை வைத்து ஒன்றைச் சரிபார்க்கவே முடியாது. ராத்திரியில் எங்கள் கூடாரம் அறுபத்திரண்டு மீட்டர் ஏறியிருக்கிறது. அதைக் கழிக்காமல் கிளம்பிவிட்டோம்.

பத்துப் பேர் பிளவுக்குள் இறங்கியிருக்கிறார்கள். அடியில் ஓடை நிரம்பிப் போகிறது. அவர் பலசாலி, ஒதுங்க இடம் பார்த்திருப்பார். நீங்கள் அங்கேயே இருங்கள்.

-

அக்டோபர் 19
மலையடிவார அலுவலகம்

பாப்பா,

"அங்கேயே இருங்கள்" என்று நீ எழுதியிருந்தாய். நான் இங்கே வந்துவிட்டேன். கடிதத்தை எத்தனை முறை படித்தாலும் அவரைக் காணவில்லை என்றேதான் எழுதியிருந்தது. அதனால் பையில் இரண்டு சட்டையும் மாத்திரையும் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். மூன்று பஸ், இரண்டு நாள். பலகைகளை எல்லாம் நானே படித்துத்தான் மாறினேன். இதை எழுதும்போது கொஞ்சம் பெருமையாக இருக்கிறது. இப்படிப்பட்ட நேரத்தில் என்ன பெருமை என்று எனக்கே வெட்கமாகவும் இருக்கிறது.

வந்த மறுநாள் சுமைக்காரர்களோடு ஏறப் பார்த்தேன். மேடு ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னதை அவர்களிடம் சொல்லவில்லை. நூற்றெண்பது மீட்டர் ஏறினேன், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. அப்புறம் மூச்சு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. சுமை கட்டுகிற பலகையில் என்னை உட்காரவைத்து இறக்கிக்கொண்டு வந்தார்கள். லிஃப்டில் அது அறுபது மாடி. அறுபது மாடியை நான் எத்தனை ஆயிரம் முறை, ஸ்டூலில் உட்கார்ந்தபடியே ஏறியிருப்பேன்.

அந்த கிளார்க் இங்கேதான் இருக்கிறார். சின்ன வயசுக்காரர். என் குரலைக் கேட்டதும் அடையாளம் தெரிந்துவிட்டது. எழுந்து நின்றார். தன் கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டு மேசைகளுக்கு நடுவில் படுத்துக்கொள்கிறார். அவர்மேல் கோபப்பட எனக்கு வரவில்லை. வேறு யாராவது என்னிடம் வந்து எங்கள் வீடு ஏறிவிட்டது என்று சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

இங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. தேடிவிட்டு இறங்குகிறவர்களின் காலுறைகளை வாங்கி அடுப்புக்கு மேலே கம்பியில் போடுகிறேன். காய்ந்ததும் ஜோடி சேர்த்து வைக்கிறேன். அவர்கள் நான் கேட்பதற்கு முன்பே தலையை ஆட்டிவிடுகிறார்கள். அதனால் நானும் கேட்பதில்லை.

இங்கிருந்து உனக்குக் கடிதம் வர இரண்டே நாள். தினமும் யாராவது ஏறுகிறார்கள். ஒரு சொல் எழுதி அனுப்பு. இறங்கி வா என்று சொல்ல மாட்டேன்.

அப்பா

-

அக்டோபர் 24
மலைக்குடில்

அப்பா,

நீங்கள் ஏழாம் தேதி எழுதிய கடிதம் பதினேழாம் தேதி என் கைக்கு வந்தது. ஐம்பத்தெட்டு மீட்டர். அதைப் படித்துவிட்டு வெளியே போய், குடிலின் சுவரில் கை வைத்துக்கொண்டு நின்றேன். மூன்று கடிகாரத்திலும் நகராத வீட்டில் இருந்தது உங்களுடையது ஒன்றுதான்.

போன கடிதத்தில் ஒன்றை எழுதாமல் விட்டேன். அதை எழுதாமல் என்னால் உங்களுக்கு வேறு எதையும் எழுத முடியவில்லை.

அன்று சாயங்காலம் நான் எண்ணைப் பார்த்தேன். 2640. அவர் பார்க்கவில்லை, நான் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதினேன். அதற்குப் பிறகு உங்கள் செப்டம்பர் கடிதத்தை எடுத்து அவரிடம் கொடுத்தேன். முழுக்கப் படித்தார். சாப்பாட்டு விஷயத்தை இரண்டு முறை படித்தார். அன்று கேட்டது கேலியில்லை, தான் நிஜமாகவே உங்களுக்கு எழுத ஆசைப்பட்டுத்தான் கேட்டதாகச் சொன்னார். அப்படியானால் இப்போது ஒரு வரி எழுதுங்கள் என்று பேனாவைக் கொடுத்தேன். "மூணு வருஷம் கழிச்சு ஒரு வரியா? நேர்ல போய்ப் பேசிக்கிறேன்" என்றார். எழுதுங்கள் என்றேன். மாட்டேன் என்றார். அது வளர்ந்து எங்கெங்கோ போயிற்று. உங்களைத் தனியாக விட்டுவிட்டு நான் மலையில் இருப்பது, நாங்கள் எங்கே குடியிருப்பது, எல்லாம் வந்தது. கடைசியில் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டோம்.

காலையில் அவர் 2702 என்றார். எனக்கு நேற்றைய எண் குறைவு என்று உள்ளே ஏதோ இடித்தது. குறிப்பேடு மூட்டையின் அடியில் இருந்தது. வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். முதலில் அவர் பேசட்டும் என்று இருந்தேன், அப்பா. அவ்வளவுதான். முதலில் அவர் பேசட்டும் என்று.

தேடுவதை நாளையோடு நிறுத்துகிறார்கள். தேடுகிறவர்களின் தலைவர் என்னிடம் வந்து உட்கார்ந்து, பனி தொடங்கிவிட்டது, ஆட்களை இனிமேல் பிளவுக்குள் இறக்க முடியாது என்றார். நான் சரி என்றேன். நான் இங்கேயே இருக்கிறேன். தினமும் அந்தப் பாறைவரை போய் விசில் ஊதிவிட்டு வருகிறேன். குடில்காரர் கூடவே வந்து கொஞ்சம் தள்ளி நிற்கிறார்.

நீங்கள் அந்த வரியைக் கேட்டிருக்க வேண்டாம் என்று ஒரு நாள் முழுக்க உங்கள்மேல் கோபமாக இருந்தேன். அதையும் எழுதிவிடுகிறேன். இப்போது இல்லை.

-

அக்டோபர் 31
மலையடிவார அலுவலகம்

பாப்பா,

இந்தக் கடிதத்தைக் குடில்காரர் பக்கத்தில் இருக்கும்போது படி. அவரிடமும் சொல்லி அனுப்பியிருக்கிறேன், உன் பக்கத்தில் உட்காரச் சொல்லி.

மாப்பிள்ளை கிடைத்துவிட்டார். உயிரோடு இல்லை.

நேற்று மத்தியானம் சுமைக்காரர்கள் இறங்கி வரும்போது, காட்டுக்குக் கீழே ஓடையைத் தாண்டுகிற மரப்பாலத்தில் பார்த்திருக்கிறார்கள். தண்ணீர் வடிந்ததால் தெரிந்திருக்கிறது. நாலு பேர் பலகையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பார்த்துச் சொல்ல உன்னைத் தவிர நான் ஒருவன்தான். போய்ப் பார்த்தேன். அவர்தான். தண்ணீர் பனி போல இருந்ததால் முகம் முகமாகவே இருக்கிறது.

வயர்லெஸ்ஸில் சொல்ல வேண்டாம், ஆள் அனுப்பி வாயால் சொல்கிறோம் என்றார்கள். ஏறுகிற ஆள் நல்லவர், பக்குவமாகச் சொல்வார் என்றும் சொன்னார்கள். நான் எழுதுகிறேன் என்றேன். மூன்றாவது தாள் இது. முதல் இரண்டிலும் கடிகாரம், மழை, கிளார்க் என்று எழுதிக்கொண்டே போனேன், இந்த வரிக்கு வரவில்லை. அதனால் இதை முதலிலேயே எழுதினேன்.

ஒரு படிவம் கொடுத்தார்கள். முன்பென்றால் யாராவது அவசரமாகப் படித்துச் சொல்லியிருப்பார்கள், நான் கட்டைவிரலை ஊன்றிவிட்டு வந்திருப்பேன். கிளார்க் படித்துக்காட்டுகிறேன் என்று கையை நீட்டினார். வேண்டாம் என்று நானே படித்தேன். பதினான்கு வரி. எனக்கு வேகமாகப் படிக்கத் தெரியாது, உனக்குத்தான் தெரியுமே. ஒவ்வொரு சொல்லையும் எழுத்துக்கூட்டி, அதன் பொருள் வந்து சேரும்வரை காத்திருந்து, அடுத்த சொல்லுக்குப் போனேன். எந்த வரியையும் தாண்டிப் போக எனக்கு வழி தெரியவில்லை. கிளார்க் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன்.

ஏதோ ஒரு ஆறுதலும் சொன்னார்கள், எப்படி ஆகியிருக்கும் என்று. நீ கீழே இருந்து வந்த விசிலைக் கேட்டவள். அதனால் அதை உனக்கு எழுதப்போவதில்லை.

உன் கடிதத்தைப் படித்தேன். அன்று காலையில் நீ வாயைத் திறக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். நீ ஒரு காலைப்பொழுதுதான் திறக்கவில்லை. நான் மூன்று வருஷம் திறக்கவில்லை. அந்தக் கூடாரத்துக்குள் வந்து உங்கள் நடுவில் படுத்துக்கொண்டது என் கோபம்தான். உன் பங்கு, என் பங்கு என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. நீயும் தனியாகப் பிரித்து எடுத்துக்கொள்ளாதே.

நேற்று ராத்திரி அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை என்று கூப்பிட்டேன். வழி நெடுக மூன்று பஸ் மாறி வந்தேன், பலகை எல்லாம் நானே படித்தேன் என்று சொன்னேன். வேறு ஒன்றும் வரவில்லை.

நீ உடனே இறங்கக் கிளம்புவாய் என்று எனக்குத் தெரியும். கிளம்பாதே. இந்த அலுவலகச் சுவரில் உயரம் எழுதிய தகடு இருக்கிறது, 1120. கடிகாரத்தை அதற்குத்தான் திருத்தி வைத்திருந்தேன். நேற்றுக் காலையிலிருந்து ஏறிக்கொண்டே போய் இப்போது 1167 காட்டுகிறது. இரண்டு நாள் பாதையில் உன்னை நடுவழியில் மேகம் பிடித்துக்கொள்ளும். உன் கடிகாரத்தை இப்போதே குடிலின் உயரத்துக்குத் திருத்து. அது இறங்கத் தொடங்கி, ஒரு நாள் முழுக்க இறங்கிய பிறகு, குடில்காரரோடு வா. தனியாக வராதே.

அதுவரை அவரை இங்கே வைத்திருக்க முடியாதாம். நாளைக் காலை வண்டியில் ஊருக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள். ஒரு வாரம் பொறுங்கள் என்று கேட்டேன். கிளார்க்கும் எனக்காக மேலே பேசிப் பார்த்தார். முடியாது என்றுவிட்டார்கள். நீ வந்து பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடலாம். அதைத் தடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை, பாப்பா. கெஞ்சினேன். ஒரு கிழவன் கெஞ்சினால் எவ்வளவு நடக்குமோ அவ்வளவுதான் நடந்தது.

நான் அவரோடு வண்டியில் போகிறேன். முன்னால் உட்காரச் சொன்னார்கள். பின்னால், அவர் பக்கத்திலேயே இடம் கேட்டு வாங்கிவிட்டேன். அங்கே நடப்பது எல்லாவற்றையும், எதையும் விடாமல், யார் வந்தார்கள், என்ன செய்தார்கள், எந்த இடம் என்று, நீ கூட நின்று பார்த்தது போல எழுதுகிறேன். எனக்கு நேரம் ஆகும். அடுத்த வாரப் பையில் வரும்.

அப்பா